உயில் எழுதியவர் சாட்சி சொல்ல வரமாட்டார்

புளியந்தோப்பில் ஒரு சந்து. அரை கிரவுண்டுக்கும் குறைவான இடத்தில் ஓட்டு வீடு, பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு போர்ஷன். வீட்டுக்காரர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1996இல் மில்லை மூடிய பிறகு கிடைத்த வேலையைச் செய்து காலம் தள்ளியவர். மனைவி முன்பே போய்விட்டார். ஒரே மகள் திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். பெரியவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவருடைய அண்ணன் மகன் ஒரு காகிதத்தை நீட்டுகிறான். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் கணினியில் அடித்த உயில். தேதி மூன்று வருடத்துக்கு முந்தையது. வீடு முழுவதும் அவனுக்கு. மகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கீழே இடது பெருவிரல் ரேகை. சாட்சிகள் இருவரையும் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

இது கற்பனைக் கதை. ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு துண்டும் இந்திய நீதிமன்றத் தீர்ப்புகளில் மீண்டும் மீண்டும் வருவதுதான். மகளுக்கு ஒரே ஒரு விஷயம் உறுத்துகிறது. அப்பா கைநாட்டு வைக்கிறவர் இல்லை. மில்லில் சம்பளம் வாங்கிய நாளிலிருந்து வங்கியில் பணம் எடுத்த கடைசி மாதம் வரை தமிழில் கையெழுத்துப் போட்டவர்.

கொலை வழக்கில் பிரேதப் பரிசோதனை உண்டு. திருட்டு வழக்கில் பொருளைப் பறிகொடுத்தவர் இருப்பார். உயில் வழக்கில் உண்மை தெரிந்த முதல் ஆள் உயிரோடு இல்லை. "இது என் கையெழுத்துதான்" என்றோ "இல்லை" என்றோ சொல்ல அவர் சாட்சிக் கூண்டில் ஏற முடியாது. எனவே சந்தேகத்துக்குரிய வாரிசுரிமை என்ற புதிருக்கு விடை காண்பது பெரும்பாலும் காகிதங்களிடமிருந்துதான். யாரிடம் காகிதம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதே நியாயத்தைத் தீர்மானிக்கிறது. மாளிகைக்காரர்களின் வழக்குகள் புத்தகங்களில் நிறைய உண்டு. புளியந்தோப்புக்காரர்களின் வழக்குகள் வட்டாட்சியர் அலுவலக வாசலிலேயே முடிந்துவிடுகின்றன.

தமிழ்த் துப்பறியும் கதைக்குச் சொத்து என்பது பழைய தோழன். பண்டித நடேச சாஸ்திரி 1894இல் 'தானவன்' என்ற போலீஸ் நிபுணனைப் படைத்தார். ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வந்தது; அதன் துப்பறியும் கோவிந்தன் ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டான். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அதே காலத்தில் மர்ம நாவல்களைக் குவித்தார்கள். பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால். ஆனால் வாரிசுப் புதிருக்கு மிகப் பொருத்தமான துப்பறிவாளரைக் கண்டுகொண்டவர் சுஜாதாதான். அவருடைய கணேஷ் போலீஸ்காரர் இல்லை, வழக்கறிஞர். 'அனிதா இளம் மனைவி'யில் பணக்காரர் ஒருவர் செத்துப்போகிறார். இளம் மனைவி ஒரு பக்கம், முதல் தாரத்து மகள் ஒரு பக்கம், நடுவில் சொத்து. 1978இல் 'இது எப்படி இருக்கு' என்று படமாகவும் வந்தது. கைத்துப்பாக்கியைவிடச் சட்டப் புத்தகம் இந்தப் புதிரில் அதிகம் பயன்படும் என்று சுஜாதா கணித்தது சரியான கணிப்பு.

சட்டம் என்ன கேட்கிறது? 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63ஆம் பிரிவில் கேட்பது மிகக் கொஞ்சம். எழுதுபவர் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்தோ, அவர் வாயால் ஒப்புக்கொண்டதைக் கேட்டோ, அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. ஏழை ஒருவர் செலவே இல்லாமல் தன் கடைசி விருப்பத்தை எழுதிவைக்கலாம் என்ற நல்ல நோக்கத்தில் வைத்த எளிமை இது. மோசடிக்காரருக்கும் அதே எளிமைதான் கதவைத் திறந்துவிடுகிறது.

அந்தக் கதவில் நீதிமன்றங்கள் பூட்டிய பூட்டு ஒன்று இருக்கிறது. உயிலைக் கொண்டுவருபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது விதி. சந்தேகம் எழுந்தால் அதைத் தீர்த்துவைக்கும் பொறுப்பும் அவருடையதே.

இந்த விதிக்கு இருநூறு ஆண்டுகளை நெருங்கும் வரலாறு உண்டு. லண்டன் பிரிவி கவுன்சிலில் 1838இல் முடிந்த பாரி எதிர் பட்லின் வழக்கில், உயிலை எழுதிக்கொடுத்த வழக்கறிஞரே சொத்தில் கால் பங்கு பெற்றிருந்தார். சொந்த மகனுக்குப் பங்கு இல்லை. பார்த்தவுடன் போலி என்று சொல்லத் தோன்றும். ஆனால் கவுன்சில் அந்த உயிலை ஏற்றது. தந்தைக்கும் மகனுக்கும் நெடுநாள் முறிவு இருந்தது. கையெழுத்து ஒளிவுமறைவில்லாமல் நடந்திருந்தது. சந்தேகப்படுவதும் குற்றம் சாட்டுவதும் வேறு வேறு என்பதை இந்த வழக்குபோல் தெளிவாகக் காட்டும் வழக்கு அரிது. உயிலால் பலன் பெறுபவரே அதை எழுதுவதில் கைகொடுத்திருந்தால் நீதிமன்றம் விழிப்போடு பார்க்க வேண்டும் என்ற கோட்பாடு அங்கேதான் உறுதியானது.

இந்தியாவில் அதை விரித்துச் சொன்னது 1959ஆம் ஆண்டுத் தீர்ப்பு. மைசூர்ப் பகுதியிலிருந்து வந்த வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா வழக்கில் நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதியதை இன்றும் எல்லா உயில் வழக்குகளிலும் எடுத்துக்காட்டுகிறார்கள். நடுங்கும் கையெழுத்து, எழுதியவரின் தளர்ந்த மனநிலை, உறவின் இயல்புக்குப் பொருந்தாத பங்கீடு, பலன் பெறுபவர் உயில் எழுதுவதில் முன்னின்றது: இவை சந்தேகத்தின் அடையாளங்கள். இவற்றைத் துடைத்தெறியாமல் உயிலை ஏற்க முடியாது. அந்த வழக்கில் உயிலைக் கொண்டுவந்தவர் தோற்றார். 1977இல் ஜஸ்வந்த் கௌர் வழக்கில் நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் இன்னும் ஒரு படி மேலே போனார். சந்தேகம் சூழ்ந்த உயில் வழக்கு இரண்டு பேருக்கு இடையிலான சண்டையாக மட்டும் நின்றுவிடுவதில்லை; நீதிமன்றத்தின் மனச்சாட்சி நிறைவடைய வேண்டிய விஷயமாகிறது.

"பதிவு செய்த உயில், இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லி மகள்களை வாயடைக்க வைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அது உண்மையில்லை. பதிவு மட்டுமே சந்தேகத்தைத் தீர்த்துவிடாது என்று 1962இல் ராணி பூர்ணிமா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு சுமை உண்டு. மிரட்டி எழுதி வாங்கினார்கள், ஏமாற்றி எழுதி வாங்கினார்கள் என்று குற்றம் சாட்டுபவர் அதை நிரூபிக்க வேண்டும். பிள்ளைக்குப் பங்கில்லை என்பது மட்டுமே உயிலைக் கவிழ்க்கவும் செய்யாது. வழக்கமான வாரிசு முறையை மாற்றுவதற்காகத்தானே ஒருவர் உயிலே எழுதுகிறார்.

புளியந்தோப்புக் கதைக்கு இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மகளின் பக்கம் வலுவாகவே இருக்கிறது. பலன் பெறுபவன் கையிலேயே உயில் இருந்தது. சாட்சிகள் அந்நியர்கள். மகளை விலக்கியதற்குக் காரணம் எழுதவில்லை. எழுதத் தெரிந்தவர் ரேகை வைத்திருக்கிறார். பிள்ளைகள் பலர் கவனிக்காமல் விடும் இடம் இந்தக் கடைசி விஷயம்தான். கை நடுங்கியதால் ரேகை வைத்தார் என்று சொல்லலாம். அப்படியானால் அதே வருடத்து வங்கிச் சீட்டுகளில் கையெழுத்து எப்படி இருக்கிறது? முத்திரைத்தாளின் பின்பக்கத்தில் யார் பெயரில், எந்தத் தேதியில், எந்த ஸ்டாம்ப் வெண்டர் விற்றார் என்று இருக்கும். விற்ற தேதிக்கு முந்தைய தேதியில் உயில் எழுதியிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது. தேவையே இல்லாத முத்திரைத்தாளை மதிப்புக்காக வாங்கிய மோசடிக்காரர், தானே ஒரு தடயத்தை வாங்கிக்கொள்கிறார்.

கைரேகை என்ற கருவி கொலைகாரர்களைப் பிடிப்பதற்காகப் பிறந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பத்திரங்களுக்காகப் பிறந்தது. வங்காளத்தில் ஜங்கிபூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், 1858இல் ஒரு ஒப்பந்தத்தில் ராஜ்யதர் கொனாய் என்பவரின் உள்ளங்கை அச்சை எடுத்தார். பின்னாளில் "இது என் கையெழுத்தில்லை" என்று மறுக்காமல் இருப்பதற்காகத்தான் அப்படிச் செய்தார். 1877இல் ஹூக்ளியில் அவரே பத்திரப் பதிவுக்கும் ஓய்வூதியத்துக்கும் விரல் ரேகையைக் கொண்டுவந்தார். செத்துப்போனவரின் ஓய்வூதியத்தை வேறு ஆள் வாங்குவதைத் தடுப்பது நோக்கம். கொல்கத்தாவில் உலகின் முதல் கைரேகைக் கூடம் திறந்தது 1897இல். ஆக, சார்பதிவாளர் அலுவலகத்தில் மை தடவி விரலை உருட்டும் அந்தச் சில நொடிகள் துப்பறியும் கலையின் பிறந்த வீட்டுச் சடங்கு. சொத்து மாற்றங்களில் புகைப்படமும் விரல் ரேகையும் ஒட்ட வேண்டும் என்று பதிவுச் சட்டத்தில் 32ஏ பிரிவு 2001இல் சேர்ந்தது.

சென்னைக்கும் இந்த அறிவியலில் மூத்த இடம் உண்டு. வேதியியல் பரிசோதகர் ஆய்வகத்தை இந்தியாவில் முதலில் தொடங்கியது இங்கேதான், 1849இல். விஷச் சாவுகளைக் கண்டுபிடிக்கத் தொடங்கிய அந்தப் பணி வளர்ந்து, இன்று மயிலாப்பூரில் தடய அறிவியல் துறையாக நிற்கிறது. சந்தேகத்துக்குரிய கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்ப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. 1952இல் ஆளவந்தார் கொலை வழக்கில் ராயபுரம் கடற்கரை மணலில் தலையும் வேறு இடத்தில் உடலும் கிடைத்தபோது, இறந்தவர் யார் என்பதை உறுதி செய்ய அவருடைய பழைய ராணுவப் பதிவில் இருந்த விரல் ரேகைகள் உதவின. என்றோ வேறு காரணத்துக்காக வைத்த ரேகை அது.

வெளிநாட்டு வழக்குகளிலும் இதே பாடம்தான். அமெரிக்கக் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹ்யூஸ் 1976 ஏப்ரலில் இறந்த சில வாரங்களில், சால்ட் லேக் சிட்டியில் மார்மன் சபைத் தலைமையகத்தில் கையால் எழுதிய ஓர் உயில் கிடந்தது. அதில் பதினாறில் ஒரு பங்கு ஒரு பெட்ரோல் பங்க்காரருக்கு. உறையில் அவருடைய விரல் ரேகையே இருந்தது. 1978இல் லாஸ் வேகஸ் ஜூரி அதைப் போலி என்று தள்ளியது.

இங்கிலாந்தின் ஹைட் நகரத்தில் 1998இல் நடந்தது இன்னும் பயங்கரம். 81 வயது மூதாட்டி ஒருவர் திடீரென்று இறந்தார். ஏறத்தாழ 3.86 லட்சம் பவுண்டு சொத்தைத் தன் மருத்துவர் ஹரோல்ட் ஷிப்மனுக்கு எழுதிவைத்ததாக ஓர் உயில் வந்தது. மூதாட்டியின் மகள் வழக்கறிஞர். அம்மாவின் ஆவணங்கள் எல்லாம் அவர் கையில் இருந்தவை. மோசமாகத் தட்டச்சு செய்த அந்தத் தாளைப் பார்த்துச் சந்தேகப்பட்டுப் போலீசுக்குப் போனார். தட்டச்சு எந்திரம் மருத்துவரின் அறையிலேயே கிடைத்தது. விசாரணை விரிந்தது. 2000 ஜனவரியில் ஷிப்மன் 15 கொலைகளுக்காகத் தண்டனை பெற்றார். குறைந்தது 215 நோயாளிகளை அவர் கொன்றிருந்ததாகப் பின்னர் நடந்த பொது விசாரணை கண்டது. அந்த மரணங்கள் பற்றி முன்பே எழுந்த சந்தேகம் எங்கும் போய்ச் சேரவில்லை. ஒரு போலி உயில்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. அம்மாவின் கையெழுத்தும் அவர் எழுதும் தோரணையும் அந்த மகளுக்கு மனப்பாடமாக இருந்ததே காரணம்.

பாகிஸ்தானில் 2017இல் ஒரு எழுத்துரு ஆட்சியையே ஆட்டியது. நவாஸ் ஷெரீப் குடும்பத்தின் லண்டன் வீடுகள் தொடர்பான அறக்கட்டளைப் பத்திரத்தில் 2006 பிப்ரவரி என்று தேதி இருந்தது. எழுத்து 'கலிப்ரி'. அந்த எழுத்துரு பொதுச் சந்தைக்கு வந்தது 2007 ஜனவரியில்தான் என்று விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. புளியந்தோப்புக் கதையில் மூன்று வருடப் பழைய கணினி உயிலைக் கையில் வாங்கும்போது இதையும் நினைவில் வைக்கலாம். அதை அடித்த டி.டி.பி. கடை எது, அந்தக் கடை அப்போது இருந்ததா என்று கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி.

பணம் பெரிதாக ஆக வழக்கு நீளும். பஞ்சாபின் ஃபரீத்கோட் மகாராஜா ஹரீந்தர் சிங் பிரார் 1989இல் இறந்ததும், 1982 தேதியிட்ட ஓர் உயில் வெளிவந்தது. அரண்மனைகள், கோட்டை, நிலம், நகை அனைத்தும் ஒரு அறக்கட்டளைக்கு. மூத்த மகள் வழக்குப் போட்டார். 2013இல் சண்டிகர் நீதிமன்றம் அதைப் போலி என்றது. 2020இல் உயர் நீதிமன்றமும் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. 20,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாகப் பத்திரிகைகள் எழுதிய சொத்து அது. மன்னர் இறந்து முடிவு வரும்போது 33 வருடங்கள் ஓடியிருந்தன.

தமிழ் மண்ணில் சிவகங்கைச் சீமையின் கணக்கும் ஏறக்குறைய அதுவே. ஜமீன்தார் கௌரி வல்லப உடையத்தேவர் 1829இல் இறந்தார். அண்ணன் வழியினர் பட்டத்தைப் பிடித்தார்கள். விதவைகளும் பிறகு மகள் காத்தம நாச்சியாரும் போராடி, 1863இல் லண்டனில் தீர்ப்பு வாங்கினார்கள். கூட்டுக்குடும்பத்தில் இருந்தாலும் ஒருவர் தானே சம்பாதித்த சொத்து அவருடைய மனைவி, மகள் வழிக்குப் போகும் என்பதை நிலைநாட்டிய வழக்கு அது. வங்காளத்தின் பவால் வழக்கில் சந்தேகம் காகிதத்தின் மேல் இல்லை, ஆளின் மேல். 1909இல் டார்ஜிலிங்கில் எரித்துவிட்டதாகச் சொன்ன இளவரசர், பன்னிரண்டு வருடம் கழித்துச் சாமியாராக டாக்காவில் தோன்றினார். 1,500க்கும் மேற்பட்ட சாட்சிகள். அவர்தான் இளவரசர் என்ற தீர்ப்பை 1946 ஜூலையில் பிரிவி கவுன்சில் உறுதி செய்தது. சில நாட்களிலேயே அவர் இறந்தார்.

வடசென்னைக்கு மிக நெருங்கிய பெரிய வழக்கு பச்சையப்ப முதலியாருடையது. அதில் உயில் போலி இல்லை என்பதுதான் அதன் சோகம். பெரியபாளையத்தில் பிறந்து துபாஷியாகப் பெரும் பணம் ஈட்டிய பச்சையப்பர், 1794 மார்ச்சில் உயில் எழுதிவைத்துவிட்டு அதே மாதம் இறந்தார். ஒரு லட்சம் வராகன் தருமத்துக்கு என்பது அவர் விருப்பம். பொறுப்பேற்றவர்கள் கைகளில் அந்தப் பணம் பல்லாண்டு சிக்கிக் கிடந்தது. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு நடந்து, அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்கள் முனைந்த பிறகே நிதி மீண்டது. 1842 ஜனவரியில் பிராட்வேயில் பச்சையப்பன் பள்ளி திறந்தபோது, உயில் எழுதி ஏறத்தாழ நாற்பத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. அந்த இடைவெளியில் ஒரு முழுத் தலைமுறை மாணவர்கள் வளர்ந்து முடிந்திருந்தார்கள். போலி உயிலைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறோம். நல்ல உயிலை நிறைவேற்றாமல் விழுங்குவதும் அதே அளவு பெரிய கொள்ளை.

உயிலே இல்லாவிட்டால்? 2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா இறந்தபோது உயில் எதுவும் வெளிவரவில்லை. போயஸ் தோட்ட வீட்டுக்கு அரசும் உறவினர்களும் உரிமை பேசினார்கள். 2020 மே மாதம் அண்ணன் பிள்ளைகளான தீபாவும் தீபக்கும் சட்டப்படியான வாரிசுகள் என்று உயர் நீதிமன்றம் அறிவித்தது. 2021 நவம்பரில் வேதா நிலையம் என்ற அந்த வீட்டை அரசு கையகப்படுத்தியது செல்லாது என்றது. மாநிலத்தின் முதலமைச்சருக்கே இந்த நிலை என்றால், சாமானியக் குடும்பம் உயிலைப் பற்றிப் பேசுவதை அபசகுனம் என்று தள்ளிப்போடுவது எவ்வளவு ஆபத்து என்று புரியும்.

சென்னை நகரத்துக்கு மட்டும் ஒரு தனி வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டத்திலிருந்து தொடர்ந்து வந்தது அது. உயர் நீதிமன்றத்தின் மூல அதிகார எல்லைக்குள் உள்ள சொத்துக்கோ, அங்கே எழுதிய உயிலுக்கோ, இந்துக்கள் புரோபேட், அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று, வாங்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்த உயிலை வைத்து நீதிமன்றத்தில் உரிமை நாட்ட முடியாது. வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு இதைச் சொன்னது. ராயபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 2002 திருத்தத்துக்குப் பிறகு இந்தக் கட்டாயம் இல்லை. முஸ்லிம்களுக்கு எப்போதுமே இல்லை. முஸ்லிம் சட்டத்தில் வேறு ஒரு காவல் இருக்கிறது: கடன், ஈமச்செலவு போக மிஞ்சிய சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் உயிலால் கொடுக்க முடியாது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் 213ஆம் பிரிவை நீக்கிவிட்டது. ஊருக்கு ஒரு சட்டம், மதத்துக்கு ஒரு சட்டம் என்ற பாகுபாடு போனது நல்லதே. செலவும் அலைச்சலும் குறையும். ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. புரோபேட் மனு போட்டால் வாரிசுகளுக்கு நோட்டீஸ் போகும். பல மகள்கள் அப்பா பெயரில் ஓர் உயில் இருப்பதையே அந்த நோட்டீஸ் வந்த அன்றுதான் தெரிந்துகொண்டார்கள். அவர்கள் கேவியட் போட்டால் மனு டி.ஓ.எஸ். என்ற முழு வழக்காக மாறும்; சாட்சி கூண்டில் ஏறி குறுக்கு விசாரணையைச் சந்திக்க வேண்டும். அந்தச் சோதனைச் சாவடி இனி கட்டாயமில்லை. விழிப்போடு இருக்க வேண்டிய பொறுப்பு இப்போது முழுவதும் வாரிசுகள் தலையில் விழுந்திருக்கிறது.

இனி புளியந்தோப்பின் உண்மையான நிலவரம். இங்கே பெரும்பாலோருக்குச் சொத்து என்பது தாய்ப்பத்திரமுள்ள நிலம் இல்லை. ஹவுசிங் போர்டு வீட்டின் ஒதுக்கீடு ஆணை, வங்கியில் கொஞ்சம் பணம், எல்.ஐ.சி. பாலிசி, வேலை பார்த்த இடத்துப் பி.எஃப். இவ்வளவுதான். 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அதே வருடம் ஆகஸ்டில் கே.பி. பார்க் திட்டத்தின் 1,920 புது வீடுகளில், கை பட்டாலே பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. சுவரின் தரம் பற்றி அப்போது எழுந்த குரல் நியாயமானது. அந்தச் சுவருக்குள் யாருக்கு உரிமை என்ற கேள்வி அந்த அளவுக்கு உரத்து எழவில்லை. விற்பனைப் பத்திரம் கைக்கு வரும்வரை ஒதுக்கீடு பெற்றவருக்கு அந்த வீட்டை விற்கும் உரிமை இல்லை. அவர் இறந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். இந்தச் 'சம்மதம்' என்ற தாளில்தான் அத்தனை அநியாயமும் நடக்கிறது. திருமணமாகிப் போன மகளிடம் "சும்மா ஒரு கையெழுத்து" என்று நீட்டுவார்கள். வாரிசுச் சான்றுக்கான மனுவில் ஒரு பெயரை விட்டுவிடுவார்கள். போலி உயில் தயாரிக்கும் சிரமம்கூட இல்லாத கொள்ளை இது. எந்த நாவலும் இதற்குத் துப்பறிவாளரை அனுப்பியதில்லை.

'நாமினி' என்ற பெயரிலும் நிறையக் குழப்பம். வங்கிக் கணக்கில் நாமினியாக இருப்பவர் பணத்தை வாங்கலாம். சொந்தம் கொண்டாட முடியாது. வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர் அவர். 1983இல் சர்பதி தேவி வழக்கில் காப்பீட்டுப் பணத்துக்கும், 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் பங்குகளுக்கும் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தமாகிறது.

மகள்களின் பக்கம் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்திருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கைத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் கொடுத்தது, அதற்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டு. 2005இல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா தீர்ப்பு, அப்பா அப்போது உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியையும் தேவையற்றதாக்கியது. மகள்களின் உரிமை வலுத்திருக்கும் இந்தக் காலத்தில் அவர்களை விலக்கும் உயிலும் விடுதலைப் பத்திரமும் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியவை.

கையில் ஓர் உயிலைத் திடீரென்று நீட்டினால் செய்ய வேண்டியவை கடினமானவை இல்லை. எதிலும் உடனே கையெழுத்திட வேண்டாம். உயிலின் நகலை இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்றில் உயில் தெரியாது; அது சார்பதிவாளர் அலுவலகத்தின் ஒன்றாம் புத்தகத்தின் கணக்கு, உயில் பதிவாவது மூன்றாம் புத்தகத்தில். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதன் நகல் அவருக்கு மட்டுமே கிடைக்கும்; அவர் இறந்த பிறகு யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்கிறது பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. பதிவான உயில் என்றால், அவர் வாழ்ந்தபோது பதிந்ததா, இறந்த பிறகு வேறொருவர் பதிந்ததா என்று பாருங்கள். இரண்டுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. வாரிசுச் சான்று கேட்டு நீங்களே மனு போடுங்கள். பட்டா மாற்றத்துக்கும் போர்டு வீட்டின் பெயர் மாற்றத்துக்கும் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பாராமலே இலவச வழக்கறிஞரைத் தர 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் கடமைப்பட்டிருக்கிறது. அதற்கான அலுவலகம் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. மனுவோடு அப்பாவின் பழைய வங்கிச் சீட்டு, சம்பள அட்டை, ரேஷன் அட்டை, கையெழுத்துள்ள எந்தத் தாளாக இருந்தாலும் எடுத்துப் போங்கள்.